போக ஒன்றரை மணி, வர நாலரை மணி

பம்பாயிலிருந்து துபாய்க்கு விமானம் எத்தனை மணி நேரத்தில் போகும் என்று அந்த வருடம் நான் கேட்காத ஆள் இல்லை. போடியில் அப்போது விமானம் ஏறியவர்கள் மிகச் சிலர். ஏலக்காய் வியாபாரத்துக்காகப் பம்பாய் போய் வருகிறவர்கள்கூட ரயிலில்தான் போனார்கள். ஆனாலும் கேட்டேன். தபால்காரரிடம் கேட்டேன். வங்கியில் பணம் எடுக்கப் போனபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவரிடம் கேட்டேன். எல்லோரும் ஏதோ ஒரு பதில் சொன்னார்கள். ஒருவர் சொன்னது இன்னொருவர் சொன்னதோடு ஒத்துப்போகவில்லை.

கேட்டதற்குக் காரணம் என் மகளின் இடது காது. அவளுக்கு அப்போது பத்து மாதம். முந்தின ஐப்பசி மழையில் சளி பிடித்து, அந்தக் காதில் சீழ் வடிய ஆரம்பித்தது. மதுரைக்கு இரண்டு முறை தூக்கிப் போய்க் காட்டி, சொட்டு மருந்து விட்டு, தை பிறக்கும்போதுதான் காய்ந்தது. என் கணவர் துபாயில் ஒரு கட்டடக் கம்பெனியில் கணக்கு எழுதினார். மகளை அவர் போட்டோவில் மட்டும் பார்த்திருந்தார். மூன்று மாதம் தங்கிவர எங்கள் இருவருக்கும் விசா அனுப்பியிருந்தார். அந்தத் தேதியைத் தவறவிட்டால் மறுபடி எப்போது கிடைக்கும் என்று அவருக்கே தெரியவில்லை.

மதுரை டாக்டர் போகலாம் என்றார். "ஏறும்போது அவ்வளவு பயமில்லை. இறங்கும்போதுதான் காது அடைக்கும். இறங்க ஆரம்பித்ததிலிருந்து தரையைத் தொடும்வரை குழந்தை எதையாவது விழுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். பால் கொடுங்கள். தூங்க மட்டும் விடாதீர்கள்."

எவ்வளவு நேரத்துக்கு முன்னால் இறங்க ஆரம்பிக்கும் என்று கேட்டேன். அரை மணி என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார். விழுங்காவிட்டால் என்ன ஆகும் என்றும் கேட்டேன். அவர் கை கழுவிக்கொண்டிருந்தார். "வலிக்கும். சவ்வு இப்போதுதான் ஆறியிருக்கிறது. வலியோடு நின்றால் நல்லது" என்றார்.

வலியோடு நிற்காவிட்டால் என்ன என்று கேட்க வாய் வரவில்லை. ரயிலில் திரும்பி வரும்போது உசிலம்பட்டி தாண்டும்வரை அந்தக் காதைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

ஆகவே எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு விவரம். விமானம் எப்போது இறங்க ஆரம்பிக்கும்? அதற்குச் சரியாக அவளுக்குப் பசிக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன் தேவாரம் என்ற ஊரில் ஒரு வருடம் பள்ளியில் பாடம் நடத்தியவள் நான். பள்ளிக்கூட அட்லஸை எடுத்து வைத்துக்கொண்டு, பம்பாயின் புள்ளியில் ஒரு நூலை வைத்து அரபிக்கடலின் மேல் இழுத்துத் துபாய் வரை அளந்தேன். நூலை அளவுகோலில் வைத்துப் பார்த்தால் ஆயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட வந்தது. விமானம் மணிக்கு எண்ணூறு, தொள்ளாயிரம் போகும் என்று கணவர் ஒரு கடிதத்தில் எழுதியிருந்தார். ஏறவும் இறங்கவும் சற்று மெதுவாகப் போகும் என்று வைத்து, நோட்டில் பென்சிலால் 'மூன்று மணி நேரம், கொஞ்சம் குறையலாம்' என்று எழுதினேன்.

பத்து நாள் கழித்து டிக்கெட் வந்தது. அதோடு பம்பாய் ஏஜெண்டு டைப் அடித்த ஒரு தாளும் இருந்தது. பம்பாயில் புறப்பாடு காலை ஒன்பதரை, துபாயில் சேர்வது பதினொன்று. திரும்பி வரும்போது துபாயில் பகல் பன்னிரண்டரை, பம்பாயில் மாலை ஐந்து.

எத்தனை முறை கழித்துப் பார்த்தாலும் போக ஒன்றரை மணி, வர நாலரை மணி என்றே வந்தது.

மாமாவிடம் காட்டினேன். என் மாமனாருக்குப் போடிமெட்டுக்கு மேலே சிறிய ஏலத்தோட்டம் ஒன்று இருந்தது. முப்பது வருடமாக அந்த மலையில் ஏறி இறங்குகிறவர். தாளைக் கண்ணுக்குத் தள்ளிப் பிடித்துப் படித்தார்.

"சரியாத்தான போட்டிருக்கான்."

"ஒரே தூரத்துக்கு எப்பிடி மாமா ரெண்டு நேரம்?"

"முந்தல்ல இருந்து மெட்டுக்கு லாரி ஏறுனா எம்புட்டு நேரம்? எறங்குனா எம்புட்டு நேரம்? தூரம் ஒண்ணுதான?"

அத்தை முற்றத்தில் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே கேட்டார். "அப்ப துபாயி பள்ளத்துலயா கெடக்கு?"

"பள்ளமோ மேடோ, எனக்கென்ன தெரியும். போறப்ப எல்லாரும் கைய வீசிக்கிட்டுப் போறான். வர்றப்ப ஆளுக்கொரு டேப்பும் கம்பளியும் கட்டிக் கொண்டாரான். லோடு வண்டி மெதுவாத்தான வரும்?"

"ஒங்க மகன் போன தடவ ரெண்டு சோப்பும் ஒரு செண்டு பாட்டிலும்தான் கொண்டாந்தான். அதுக்கா மூணு மணி நேரம் கூட?"

"நீ புளியப் பாரு."

மனதுக்குள் சிரித்தேன். ஆனால் அன்று மாலையே மாமா சொன்னதைப் படித்தவள் பாஷையில் நானும் சொல்லிக்கொண்டேன். போகும்போது காற்று பின்னாலிருந்து தள்ளும், வரும்போது எதிரே அடிக்கும், அதனால்தான் இந்த வித்தியாசம் என்று. தீர்க்கரேகையில் பதினைந்து பாகைக்கு ஒரு மணி நேரம் என்று பிள்ளைகளைக் கோரஸாகச் சொல்லவைத்த அதே வாய்தான். எங்களுக்கு எல்லை என்றால் போடிமெட்டு. மெட்டைத் தாண்டினால் பேச்சு மாறும், கடைப் பலகையில் எழுத்து மாறும், சோற்றில் அரிசி பருக்கும். கைக்கடிகாரத்தை மட்டும் யாரும் தொடுவதில்லை. எல்லை தாண்டும்போது கடிகாரத்தைப் பற்றி நினைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பென்சிலால் எழுதியதை ரப்பர் போட்டு அழித்தேன். டைப் அடித்த தாளைவிட என் நூல் பெரிதா?

பதினொன்றில் அரை மணி போனால் பத்தரை. பத்தரைக்குப் பால் என்று முடிவாயிற்று. ஆனால் பால் கொடுத்தால் உண்மையிலேயே காது தாங்குமா என்ற கவலை போகவில்லை. பழகிப் பார்க்க விமானம் கிடைக்காது. மலை கிடைக்கும் என்று தோன்றியது.

"பிள்ளைக்குக் காது அடைக்கும்னு பயந்துக்கிட்டு, அடைக்கிற எடத்துக்கே தூக்கிட்டுப் போறியாக்கும்" என்றார் அத்தை. சொல்லிவிட்டு அவரும் கிளம்பி வந்தார்.

தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பில் விடிந்ததும் ஏறினோம். எங்களுக்கு முன்சீட்டில் இடம் விட்டார்கள். நான் பின்னால் குழந்தைக்காரப் பெண் ஒருத்தி இருப்பதைப் பார்த்து, அவள் எதிரே போய் உட்கார்ந்தேன். ராசிங்காபுரத்துக்காரி. ஏலக்காய் எடுக்கப் போகிறவள். என் வயதுதான் இருக்கும். கடைசி ஓரத்தில் உட்கார்ந்து ஒரு காலைச் சக்கரத்தின் மேல்தகட்டில் முட்டுக் கொடுத்திருந்தாள். பழஞ்சேலையில் தோளோடு கட்டிய குழந்தை, மடியில் தூக்குச்சட்டி, ஒரு கை மேல்கம்பியில். பதினான்கு பேர் இருந்தோம். ஒவ்வொரு வளைவிலும் நாங்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தபோது அவள் மட்டும் வைத்த இடத்திலேயே இருந்தாள்.

அடிவாரத்து முந்தல் தாண்டி நாலைந்து வளைவு போனதும், பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தவள் பேச்சை நிறுத்தாமலே குழந்தையை மார்புக்கு இழுத்தாள். அது அழவில்லை. பசித்ததாகவும் தெரியவில்லை. நான் மணி பார்த்து நோட்டில் எழுதினேன். இரண்டு வளைவு கழித்து அவள் பக்கம் மாற்றினாள். அதையும் எழுதினேன்.

"என்னக்கா எழுதுறீக?"

"நீ பால் குடுக்குற நேரத்த."

அவள் பக்கத்தில் இருந்தவளை இடித்தாள். "கேட்டியாடி? நம்ம எடுக்குற காயத்தான் நிறுத்து எழுதுவாக. இப்ப எம்புள்ள குடிக்கிறதையும் எழுதுறாக." ஜீப்பே சிரித்தது. எனக்கு முகம் சூடாகிவிட்டது. காதைப் பற்றியும் டாக்டர் சொன்னதைப் பற்றியும் தட்டுத் தடுமாறிச் சொன்னேன்.

அவள் சிரிப்பு உடனே அடங்கியது. என் மகளின் காதை எட்டிப் பார்த்தாள். "மணி பாத்துக் குடுத்தா சரிப்படாதுக்கா. டிரைவரண்ணே ஒரு நா வெரசாப் போவாக. ஒரு நா லோடு லாரிக்குப் பின்னால மாட்டிக்கிட்டு ஊருவாக."

"நான் எங்க ஆத்தா ஊருனேன்?" என்றார் டிரைவர் முன்னாலிருந்து.

"ஊருறத ஊருறதுன்னுதான சொல்லணும், அண்ணே." என்னிடம் திரும்பினாள். "எங்காது அடைக்கும்ல, அப்பக் குடுப்பேன். எனக்கு அடைச்சா அதுக்கும் அடைக்கும். சொல்ல அதுக்கு வாய் இல்ல, அம்புட்டுதான்."

அன்று மாலை இறங்கும் ஜீப்பிலும் அவள் வந்தாள். பகலெல்லாம் ஈரத்தில் குனிந்து காய் எடுத்திருக்கிறாள். அட்டை கடித்த இடத்தில் சுண்ணாம்பு வைத்திருந்தாள், கணுக்காலில் ரத்தம் காய்ந்திருந்தது. உட்கார்ந்ததுமே கண்ணை மூடிவிட்டாள். குழந்தையும் தூங்கிற்று. மெட்டிலிருந்து இரண்டாவது வளைவிலோ மூன்றாவதிலோ, கண் திறக்காமல், கையால் தடவிக் குழந்தையின் உள்ளங்காலைக் கண்டுபிடித்து அழுத்தினாள். அது சிணுங்கி விழித்தது. மார்பில் விட்டாள். தாய் தூங்குகிறாள், பிள்ளை குடிக்கிறது, ஜீப் வளைந்து வளைந்து இறங்குகிறது. எனக்கு அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. ஒரு குழந்தைக்காக நான்கு மாதமாக நான் பட்டுக்கொண்டிருக்கும் அத்தனை பாடும் அவள் தூக்கத்தில் செய்கிற வேலையாக இருந்தது. பொறாமை என்று சொல்ல மாட்டேன். அவளைப் போல இன்னொரு தாயை நான் பார்த்ததில்லை என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

என் மகளும் அன்று நன்றாகக் குடித்தாள். காது ஒன்றும் செய்யவில்லை. வீட்டுக்கு வந்து நோட்டைச் சுத்தமாகப் பிரதி எடுத்தேன். ராசிங்காபுரத்துக்காரி பால் கொடுத்த நேரமெல்லாம் அதில் வரிசையாக இருந்தது. அவள் சொன்னதை நான் எழுதிக்கொள்ளவில்லை.

மாசியில் கிளம்பினோம். போடியிலிருந்து மதுரைக்கு, மதுரையிலிருந்து மெட்ராஸுக்கு, அங்கிருந்து பம்பாய்க்கு, எல்லாம் ரயில். மூன்று ராத்திரி. என் அண்ணன் கூட வந்து, விமான நிலையத்து வாசலில், அதற்கு மேல் விடமாட்டார்கள் என்ற இடம்வரை நின்றான். "எறங்கவேண்டிய எடம் ஒண்ணுதான் இருக்கு, ஊர் மாறி எறங்கிற மாட்ட" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏறும்போது மகள் கொஞ்சம் குடித்தாள். நான் பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை. பிறகு ஜன்னலில் கடல் வந்தது. முந்தலிலிருந்து மெட்டு ஏறுவதற்குள் பாதிக் கடல் தாண்டிவிடும் இந்த வண்டி என்று எண்ணியபோது, பயத்துக்கு நடுவிலும் ஒரு பெருமிதம் வந்தது, அதைச் செய்தவர்களில் நானும் ஒருத்தி என்பது போல. ஒரு தம்ளர் தண்ணீர் தட்டின் மேல் அலையாமல் நின்றது. மலை ஜீப்பில் மூடி போட்ட தூக்குச்சட்டியே சிந்தும்.

சரியாகப் பத்தரைக்குப் பால் கொடுக்க ஆரம்பித்தேன். காலையிலிருந்து அரைப் பசியில் வைத்திருந்தேன். வயிறு நிறையக் குடித்தாள். பக்கம் மாற்றிக் கொடுத்தேன். பத்து ஐம்பதுக்கு வாயை எடுத்துவிட்டு என் முழங்கையில் தலையை வைத்து உறங்கிப்போனாள். உள்ளங்காலை அழுத்தினேன். அசையவில்லை. பதினொன்று ஆயிற்று. கீழே கரை இல்லை. சத்தம் மாறவில்லை. பதினொன்று ஐந்து.

பக்கத்து இருக்கையில் நாற்பது வயது மதிக்கத்தக்க மலையாளி ஒருவர். துபாயில் தச்சுவேலை, ஊருக்கு வந்து திரும்புகிறார். எஸ்டேட் பக்கத்துப் பேச்சு எனக்குப் புரியும். "எப்ப இறங்கும்?" என்று கேட்டேன்.

"இப்போழா? இனியும் ஒன்னர மணிக்கூர் உண்டு மோளே."

தாளை எடுத்துக் காட்டினேன். பார்த்துவிட்டு என் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தாளில் இருந்த பதினொன்றைத் தொட்டார். "இது துபாய் சமயம். அவிடெ நம்மளெக் காட்டி ஒன்னர மணிக்கூர் பின்னிலா."

துபாய்க் கடிகாரம் நம்முடையதைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். கேட்டவுடனே புரிந்துவிட்டது. அதுதான் வெட்கம். அவர் சொல்லி முடிப்பதற்குள் போக மூன்று, வர மூன்று என்று மனம் கணக்குப் போட்டு முடித்துவிட்டது. ரப்பரால் அழித்த பென்சில் எழுத்து கண் முன்னால் வந்தது. மடியில் வயிறு நிறைந்த குழந்தை. மார்பில் பால் இல்லை.

தூங்க விடுவதா, எழுப்பி வைப்பதா? தூங்கினால் பசி எடுக்கலாம். எழுப்பினால் களைத்துப்போய் இறங்கும் நேரத்தில் மறுபடி தூங்கிவிடலாம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை முடிவை மாற்றினேன். கடைசியில் தூங்க விட்டேன். கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டேன். ராசிங்காபுரத்துக்காரி சொன்னது அப்போதுதான் உறைத்தது. அவளுக்குப் புரிந்தது எனக்குப் புரிய ஒரு கடல் வேண்டியிருந்தது. எச்சிலை விழுங்கி விழுங்கி என் காதையே கவனித்துக்கொண்டிருந்தேன்.

எவ்வளவு நேரம் போயிற்று என்று தெரியாது. அறிவிப்பு ஒன்றும் வரவில்லை. என் வலது காதில் தண்ணீர் புகுந்ததுபோல் ஒரு மந்தம். உடனே அவள் உள்ளங்காலை அழுத்தினேன், இந்த முறை பலமாக. விழித்தாள். மார்பில் வைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுபக்கம் வைத்தேன். பல்லால் கடித்துத் தள்ளினாள். கரண்டியில் தண்ணீர் கொடுத்தேன், துப்பினாள். பிறகு கையை இடது காதின் மேல் வைத்துக்கொண்டு வீறிட ஆரம்பித்தாள்.

கை போனது அந்தக் காதுக்கேதான். முன்வரிசைகளில் தலைகள் திரும்பின. பொது இடத்தில் பிள்ளை அழுதால் அடக்க வேண்டும் என்று வளர்ந்தவள் நான். முகத்தைத் தோளில் அழுத்தினேன், ஆட்டினேன், "ச்சூ, ச்சூ" என்றேன். அழுகை தேய்ந்து விக்கலாயிற்று.

"அடக்கண்டா மோளே" என்றார் பக்கத்தில் இருந்தவர். "கரையட்டெ. கரைஞ்சா செவி தொறக்கும்."

அழட்டும், அழுதால் காது திறக்கும் என்கிறார்.

"வாய் தொறந்து கரையுன்னதும் விழுங்குன்னதும் ஒண்ணு தன்னெ. என்டெ மூணு குட்டிகளும் இங்ஙனெ கரைஞ்சோண்டா எறங்கியது." முன்சீட்டில் திரும்பிப் பார்த்தவரிடம், "குட்டியல்லே, கரையும்" என்று அவரே சற்று உரக்கச் சொன்னார். அந்த மனிதர் முன்னால் திரும்பிக்கொண்டார்.

நான் தோளிலிருந்து அவளைப் பிரித்து மடியில் நிமிர்த்தி உட்கார வைத்தேன். வாய் நிறைய அழுதாள். அழவிட்டேன். அழுகை குறைந்தபோது கன்னத்தைத் தட்டி மறுபடி அழவைத்தேன் என்று எழுத எனக்கு இன்னும் கை கூசுகிறது. ஆனால் அப்படித்தான் செய்தேன். என் காது ஒருமுறை அடைத்துத் திறந்தது, மறுபடி அடைத்தது. கீழே மணலும் வெள்ளைக் கட்டடங்களும் சாய்ந்து சாய்ந்து வந்தன. சக்கரம் தரையில் மோதுவதற்குக் கொஞ்சம் முன்னால் அவள் சட்டென்று நிறுத்திவிட்டாள்.

அந்த அமைதியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வலி போய்விட்டதா, காதே போய்விட்டதா? துணி நுனியைத் திரித்துக் காதில் விட்டுப் பார்த்தேன். ஈரம் இல்லை. இடது பக்கம் விரலைச் சொடுக்கினேன். அவள் முன்னால் இருந்த சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி சொடுக்கினேன். அசையவில்லை. தச்சர் மேலே இருந்த என் பையை எடுத்துக் கொடுத்து, "ஷீணமா, மோளே, ஷீணம்" என்றார். களைப்பு என்கிறார். இருக்கலாம் என்று நினைத்தேன். இல்லாமலும் இருக்கலாம் என்றும் நினைத்தேன்.

பாஸ்போர்ட் பார்க்கிற வரிசை நீளமாக இருந்தது. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் எங்கோ என் கணவர் நிற்கிறார் என்று தெரியும். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. மகளை வலது தோளில் போட்டுக்கொண்டு, அவளுடைய இடது காது வெளிப்பக்கம் இருக்கும்படி நின்று, வரிசையில் யாராவது பெட்டியைக் கீழே வைக்கும்போதெல்லாம் அவள் கண்ணைப் பார்த்தேன். கூட்டத்தில் எந்தச் சத்தத்துக்குத் திரும்புகிறாள் என்று சொல்ல முடியவில்லை.

எங்கள் முறை வந்தது. வெள்ளை அங்கி போட்ட அதிகாரி என் பாஸ்போர்ட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். மேஜை அவள் இடது பக்கம் இருந்தது. அவள் என் கழுத்துச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் முத்திரையை எடுத்து ஓங்கிக் குத்தினார்.

அவள் திரும்பினாள். மேஜையைப் பார்த்தாள்.

அவர் விசா தாளை விரித்து இன்னொன்று குத்தினார். அவள் உடம்பு துள்ளி, அந்த முத்திரையையே உற்றுப் பார்த்து, அதை எடுக்கக் கையை நீட்டினாள்.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. பத்து மாதத்துக்கும் சேர்த்து வந்தது. விசாவில் ஏதோ குறை என்று பயந்து நான் அழுவதாக அந்த அதிகாரி நினைத்துவிட்டார் போலிருக்கிறது. தாளைத் திருப்பி என் பக்கம் காட்டி, தேதியின் மேல் விரலை வைத்து, "ஓகே, ஓகே, மூணு மாசம் ஓகே" என்பதுபோல் விரல்களைக் காட்டிச் சமாதானம் செய்தார். நான் தலையை ஆட்டினேன். அழுகை நிற்கவில்லை. அவர் சற்று யோசித்துவிட்டு, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று எனக்கு உறுதி சொல்வதற்காக, ஒரு வெற்றுக் காகிதத்தை எடுத்து அதிலும் ஒரு முத்திரை குத்தி என் மகளிடம் கொடுத்தார்.